கழிவு என்றோம், சோறு என்றார்கள்

சாரல் காலத்தில் குற்றாலம் வருகிறவர்கள் அண்ணாந்தே நடக்கிறார்கள். பேரருவியில் தண்ணீர் எவ்வளவு, ஐந்தருவியில் ஐந்து கிளையும் விழுகிறதா, பழைய குற்றாலத்தில் கூட்டம் எப்படி என்பதுதான் பேச்சு. குளித்து, தலை துவட்டி, சூடாக ஒரு பொட்டலம் நேந்திரம் சிப்ஸ் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும் வழியில் ஒரு தடவை தரைமட்டத்திலும் பார்வையை ஓட்டலாம். தென்னந்தோப்புகளுக்கு நடுவே எங்காவது ஒரு நார் ஆலை தட்டுப்படும். அதன் பின்புறம் காப்பிப்பொடி நிறத்தில் ஒரு குன்று. மழையில் கறுத்து, வெயிலில் வெளுத்து, செங்கோட்டைக் கணவாய்க் காற்று எழுந்தால் கண்ணில் விழுந்து உறுத்தும் அந்தத் தூளை வெகுகாலம் யாரும் சீந்தவில்லை.

வேளாண் கையேடுகள் அதற்கு வைத்த பெயர் 'தென்னை நார்க்கழிவு'. ஆலைக்காரர்கள் 'பித்து' என்பார்கள். ஆங்கிலச் சொல் நம் வாயில் பட்ட பாடு அது. நாற்றுப்பண்ணைக்காரருக்கு அது 'கோகோபீட்'. புளியரையைத் தாண்டி ஆரியங்காவுப் பக்கம் இறங்கினால் அதே பொருளுக்கு மலையாளத்தில் 'சகிரிச்சோறு' என்று பெயர். சகிரி என்றால் தேங்காய் நார். தமிழிலும் செடியின் உள்ளிருக்கும் மெத்தென்ற பகுதியைச் சோறு என்பது வழக்கம்தான். கற்றாழைச் சோறு என்கிறோமே. ஆக, மலைக்கு இந்தப் பக்கம் கழிவு, அந்தப் பக்கம் சோறு. நெதர்லாந்தின் கண்ணாடிக் கூடத்தில் நிற்கும் தக்காளிச் செடியைக் கேட்டால் அது மலையாளிக்குத்தான் ஓட்டுப் போடும்.

நெல்லைச் சீமையில் தேங்காயின் மேல்மட்டையைக் கதம்பை என்பார்கள். உலர்ந்த கதம்பை ஒன்றைக் கையால் பிய்த்துப் பாருங்கள். நார் வரும், கூடவே தவிட்டு நிறத்தில் ஒரு தூள் உதிரும். நார்தான் முக்கியச் சரக்கு, தூள் உதிரி என்று தோன்றும். எடை போட்டால் கணக்கு தலைகீழ். கதம்பையின் எடையில் நார் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, மீதியெல்லாம் தூள். ஆயிரம் கதம்பையை ஆலையில் அடித்தால் எண்பது, தொண்ணூறு கிலோ நார் கிடைக்கும். அதைப்போல இரண்டு மடங்கு தூள் குவியும். கயிறும் மெத்தையும் மிதியடியும் நம்பி ஆலை போட்டவர், தாம் விற்பதைவிட அதிகமாகக் கொட்டுவதையே உற்பத்தி செய்துகொண்டிருந்தார்.

தென்னை எதற்காக இவ்வளவு தூளைச் செய்து நாருக்கு நடுவே அடைத்து வைக்கிறது? பதில் கடலில் இருக்கிறது. தேங்காய் ஒரு படகு. கரையோர மரத்திலிருந்து விழுந்து, அலையில் மிதந்து, வேறொரு கரையில் ஒதுங்கி முளைப்பதற்காகச் செய்யப்பட்ட படகு. நூறு நாளுக்கு மேல் கடலில் மிதந்த காய்கூட முளைத்திருக்கிறது. மிதக்கக் காற்று வேண்டும். வழவழப்பான மேல்தோல் தண்ணீரைத் தடுக்க, உள்ளே காற்றைப் பிடித்து வைத்திருப்பது இந்தச் சோறுதான். தாவரவியலார் இதைப் பாரன்கைமா திசு என்பார்கள். மெல்லிய சுவர் கொண்ட, தேனடை போல ஒட்டிக்கொண்டிருக்கும் செல்களின் கூட்டம் அது. செல்கள் செத்தபின் சுவர் மட்டும் நிற்கிறது. உள்ளே வெற்றிடம்.

அந்த வெற்றிடத்தின் அளவுதான் முதல் ஆச்சரியம். நூறு லிட்டர் நார்த்தூளில் திடப்பொருள் ஏறத்தாழ ஐந்து லிட்டர்தான். மீதி தொண்ணூற்றைந்தும் இடைவெளி. நூறு இருக்கை கொண்ட பஸ்ஸில் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தோட்ட மண் பாதிக்குப் பாதி திடப்பொருள். அதனால்தான் ஒரு சாக்கு மண்ணைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஒரு சாக்கு உலர்ந்த தூளைச் சிறுவன்கூடத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவான்.

நனைந்தபின் ஓட மாட்டான். ஒரு கிலோ உலர்ந்த தூள் ஏறத்தாழ எட்டு கிலோ தண்ணீரைப் பிடித்து வைக்கும், அதாவது அரைக்குடத்துக்கும் மேல். செல்லுக்குள் இருக்கும் நுண்ணிய அறைகளில் கொஞ்சம், துகளுக்கும் துகளுக்கும் இடையே கொஞ்சம். இதைவிட வியப்பு, தண்ணீரை இவ்வளவு குடித்த பின்னும் அதில் காற்று மிஞ்சியிருப்பது. வடிய வேண்டியது வடிந்தபின் கொள்ளளவில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரை காற்று தங்கியிருக்கும். வேரும் மூச்சு விடும் உயிர்தான். தொட்டிச் செடி வாடுகிறதே என்று மேலும் மேலும் தண்ணீர் ஊற்றிக் கொன்றவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தச் செடி தாகத்தில் சாகவில்லை, மூச்சு முட்டிச் செத்தது.

தண்ணீரும் காற்றும் ஓரிடத்தில் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்பதைக் குற்றாலத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். அருவியில் நனைந்த துண்டைப் பிழியாமல், நீளவாக்கில் இரண்டு கைகளுக்கு நடுவே படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டும், பிறகு நிற்கும். இப்போது ஒரு முனையை விட்டுவிட்டுத் துண்டை நெட்டுக்குத்தாகத் தொங்கவிடுங்கள். நின்றுபோன சொட்டு மறுபடி தொடங்கும். கொஞ்ச நேரத்தில் அதுவும் நிற்கும். தொட்டுப் பார்த்தால் மேற்பகுதி ஈரப்பதமாக மட்டும் இருக்கும். கீழ் விளிம்போ சொதசொதவென்று இருக்கும். இழைகளுக்கு நடுவேயுள்ள குறுகிய சந்துகள் தண்ணீரைப் புவியீர்ப்புக்கு விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொள்கின்றன. விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதும் இதனால்தான். நுண்புழை ஈர்ப்பு என்று பெயர். சந்து எவ்வளவு குறுகலோ, அவ்வளவு உயரத்துக்கு அது தண்ணீரைத் தாங்கி நிற்கும்.

தொட்டிக்கும் இதே விதி. எந்தத் தொட்டியானாலும் அடியில் ஓர் ஈரப்பட்டை வடியாமல் நிற்கும். அதன் உயரத்தைத் தீர்மானிப்பது துகளின் பருமன். தொட்டியின் உயரத்துக்கு அதில் பங்கில்லை. ஆகவே உயரமான தொட்டியில் ஈரப்பட்டைக்கு மேலே காற்றோட்டமான இடம் நிறைய. தட்டையான தொட்டியில் முழுக்கச் சேறு. தொட்டியடியில் ஓட்டை போட்டு, ஓட்டாஞ்சில்லு வைத்துவிட்டால் எல்லாம் வடிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் துண்டை ஒருமுறை தொங்கவிட்டுப் பார்க்கவேண்டும். நார்த்தூள் வணிகத்தில் சல்லடைக்கு இருக்கும் மரியாதை இங்கிருந்துதான் வருகிறது. மாவு போன்ற பொடி அதிகமானால் காற்று போய்விடும். சில்லு அதிகமானால் தண்ணீர் தங்காது. அதனால் விதை முளைக்கும் தட்டுக்கு நைசான தூள், பெரிய செடிக்கு நறுக்கிய கதம்பைச் சில்லு கலந்த கலவை என்று சலித்துப் பிரிக்கிறார்கள்.

இடைவெளி நிறைந்த சரக்கைக் கப்பலில் ஏற்றினால் காற்றுக்கும் சேர்த்துக் கூலி கொடுக்கவேண்டும். அதற்கு வந்தது அழுத்தும் இயந்திரம். ஐந்து மடங்கு கன அளவை ஒரு மடங்காக நசுக்கி, ஐந்து கிலோ கட்டியாக்குகிறார்கள். தலையணையை விடச் சிறிய அந்தக் கட்டியைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். கண்ணெதிரே விரிசல் விட்டு, பொங்கி, ஏறத்தாழ எழுபது லிட்டர் தூளாகிவிடும். ஐந்து குடம் நிறையும். நசுங்கிய செல் சுவர்கள் தண்ணீரைக் குடித்துப் பழைய வடிவத்துக்கு எழுந்து நிற்கின்றன. அந்தச் சுவரில் லிக்னின் அதிகம். மரத்தை மரமாக்கும் விறைப்புப் பொருள் அது. அதன் தயவில்தான் இத்தனை அடி வாங்கியும் தேனடை குலையாமல் இருக்கிறது.

இதுவரை எல்லாம் நல்ல செய்தி. ஆனால் கழுவாத தூளில் ஒரு தக்காளி நாற்றை நட்டால் பெரும்பாலும் அது இலை கருகி நிற்கும். கடலுக்காகச் செய்த பொருளல்லவா, உப்பு இருக்கிறது. கடலோரத்தில் உப்பங்கழியில் மாதக்கணக்கில் கதம்பையை ஊறவைக்கும் வழக்கம் கேரளத்தில் உண்டு. அந்தத் தூளில் கடல் உப்பே ஏறியிருக்கும். செங்கோட்டைப் பக்கத்துக் கதம்பை கடலைக் கண்டதில்லை. ஆனால் அதிலும் பொட்டாசியமும் குளோரைடும் கணிசமாக உண்டு. காரணம் மரமே. இலையின் அடியில் மூச்சு வாங்கும் துளைகள் இருக்கின்றன. அவற்றைத் திறந்து மூடும் செல்கள் பொட்டாசியத்தை உள்ளே இழுத்து உப்பும்போது துளை திறக்கிறது. பொட்டாசியத்துக்கு நேர்மின்னூட்டம், அதோடு சேர ஓர் எதிர்மின் துணை வேண்டும். பல செடிகள் அந்தத் துணையைத் தம் மாவுச்சத்திலிருந்து தாமே தயாரித்துக்கொள்கின்றன. தென்னை பெரிதும் குளோரைடையே நம்பியிருக்கிறது. மற்றப் பயிர்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவு போதும் என்கிற குளோரைடு, தென்னைக்கு அன்றாட உணவு.

உப்பு எவ்வளவு என்று நாக்கில் வைத்துப் பார்க்கத் தேவையில்லை. உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். தூளைத் தண்ணீரில் கலக்கி, பேனா போன்ற ஒரு கருவியை முக்கினால் எண் தெரியும். மின்கடத்துதிறன் என்று பாடப்புத்தகம் சொல்லும். களத்தில் எல்லாருக்கும் அது 'ஈசி'. அலகு, சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிசீமன்ஸ் என்பது. மழைநீருக்குச் சுழியை ஒட்டி வரும், கடல்நீருக்கு ஏறத்தாழ 50. கழுவாத தூளுக்கு 2 முதல் 6 வரை வரலாம். நாற்றுக்கு உகந்த தூளில் அரைக்குக் கீழே இருக்கவேண்டும். வாங்குகிறவர் கடல் கடந்து எங்கிருந்தாலும் பேரம் இந்த ஒற்றை எண்ணில்தான் தொடங்குகிறது.

உப்பை எடுக்க நல்ல தண்ணீரில் கழுவவேண்டும். நல்ல தண்ணீர் என்றால் அதிலேயே உப்பு இல்லாத தண்ணீர். மேற்குத்தொடர்ச்சி மலையில் பெய்து உடனே இறங்கி வரும் நீரைவிட அதற்குப் பொருத்தமானது எது? தென்காசி வட்டாரத்துக்கு இது இயற்கை தந்த சலுகை. ஆனால் அதே சாரல் மறுபக்கம் கெடுபிடி செய்யும். கழுவிய தூளைக் காயவைக்கக் களமும் வெயிலும் வேண்டும். சுற்றுலா வந்தவர் "சாரல் அள்ளுதே" என்று மகிழும் நாளில் களத்துக்காரர் தார்ப்பாயோடு ஓடிக்கொண்டிருப்பார்.

கழுவியாயிற்று, ஈசி இறங்கிவிட்டது, வேலை முடிந்தது என்று நினைத்தால் இல்லை. இங்கேதான் இந்தத் தூளின் மிக நுட்பமான குணம் ஒளிந்திருக்கிறது. செல் சுவர் முழுக்க எதிர்மின்னூட்டம் கொண்ட இடங்கள். அவற்றை இருக்கைகள் என்று வைத்துக்கொள்வோம். பொட்டாசியமும் சோடியமும் அங்கே ஏறி உட்கார்ந்திருக்கின்றன. வெறும் தண்ணீர், நின்றுகொண்டு வரும் பயணிகளைத்தான் இறக்கிவிடும். உட்கார்ந்திருப்பவர்கள் அசையமாட்டார்கள். அப்படியே செடி நட்டு உரநீர் விட்டால் என்ன ஆகும்? உரத்திலுள்ள கால்சியத்துக்கு இரட்டை மின்னூட்டம், பிடி அதிகம். அது வந்து பொட்டாசியத்தையும் சோடியத்தையும் எழுப்பிவிட்டு இருக்கையைப் பிடித்துக்கொள்ளும். எழுப்பப்பட்டவை வேரைச் சூழும். செடிக்காக ஊற்றிய கால்சியம் தூளிடம் போய்விட, செடி பட்டினி கிடக்கும். தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகும். உரம் போட்டும் பஞ்சம். விவசாயிக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது.

இதற்குக் கண்டுபிடித்த வழி எளிமையானது. செடி வருவதற்கு முன்பே கால்சியத்தை ஏற்றி உட்காரவைத்துவிடுவது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் தூளை ஒரு நாள்போல ஊறவைத்து, எழுந்து வந்த சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மறுபடி கழுவி வெளியேற்றுகிறார்கள். இப்போது இருக்கையெல்லாம் கால்சியம். இந்தப் பரிமாற்றம் செய்த தூளுக்குத் தனி விலை. பார்வைக்கு இரண்டும் ஒரே பழுப்புத் தூள்தான்.

இத்தனை பாடுபட்டு இதை வாங்கும் அவசியம் வெளிநாட்டாருக்கு ஏன் வந்தது? அவர்கள் காலகாலமாகத் தொட்டிக்குப் பயன்படுத்தியது பீட். குளிர்நாட்டுச் சதுப்பில் பாசி செத்து, மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்தது அது. படியும் வேகம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். ஓர் அடி ஆழம் தோண்டினால் முந்நூறு ஆண்டு போயிற்று. மதுரையில் நாயக்கர் ஆட்சி நடந்த காலத்துப் பாசியை எடுத்து ரோஜாத் தொட்டியில் கொட்டுகிறோம் என்று பொருள். மேலும், பீட் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஒட்டவிடாது. தாமரை இலை போல உருட்டிவிடும். நார்த்தூளோ எத்தனை முறை காய்ந்தாலும் மறுபடி குடிக்கும். தென்னையில் நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு வெட்டு. முந்நூறு ஆண்டு எங்கே, நாற்பத்தைந்து நாள் எங்கே! 'கோகோபீட்' என்ற பெயர் இந்தப் போட்டியில் பிறந்ததுதான். அதில் பீட் துளியும் இல்லை.

ஐரோப்பியக் கண்ணாடிக் கூடங்களில் ஒரு மீட்டர் நீளமுள்ள பையில் இந்தத் தூளை அடைத்து, அதில் தக்காளி நடுகிறார்கள். பையின் உயரம் ஒரு சாண்கூட இல்லை. கொடியோ பருவம் முடிவதற்குள் பத்து மீட்டர் தாண்டும். மூன்று மாடி வீட்டு உயரம். வெயில் ஏற ஏறச் சொட்டுநீர்க் குழாய் நாளில் பலமுறை துளித்துளியாக ஊட்டும். சதுர மீட்டருக்கு ஐம்பது கிலோவுக்கு மேல் பழம் பறிக்கிறார்கள். பாவூர்சத்திரம் சந்தைக்கு மூட்டை கொண்டுவரும் நம் விவசாயி கேட்டால் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

இன்னொரு வாடிக்கையாளரும் உண்டு. அவரைச் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது. 2018 அக்டோபர் 17 அன்று கனடாவில் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு நான்கு செடி வரை வளர்க்கலாம். நம் ஊரில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி அனுமதியின்றி ஒரு செடி வளர்த்தாலும் வழக்குதான். அங்கே வெளியே பனி கொட்டும்போது, உள்ளறையில் விளக்கு வெளிச்சத்தில் அதை வளர்ப்பவர்களுக்கு நார்த்தூள் மிகப் பிரியமான பொருள். காரணம் மேலே பார்த்தவைதான்: வேருக்குக் காற்று, அளந்து ஊட்டும் வசதி, வீட்டுக்குள் சேறில்லாத சுத்தம். அவர்களையும் அந்தக் கால்சியத் தொல்லை விடவில்லை. கழுவல் சரியில்லாத தூள் இலையில் பழுப்புப் புள்ளி எழுப்ப, 'கால்மேக்' என்ற பெயரில் கால்சியமும் மக்னீசியமும் கலந்த புட்டியை வாங்கி ஊற்றுகிறார்கள். களத்தில் ஒரு நாள் ஊறவைத்திருந்தால் பெருமளவு தீர்ந்திருக்கும் பிரச்சினை.

2020–21இல் இந்தியா ஏற்றுமதி செய்த தென்னை நார்ப் பொருட்களின் மதிப்பு 3,778 கோடி ரூபாய் என்கிறது கயிறு வாரியத்தின் கணக்கு. அதில் ஏறத்தாழ பாதி, ஒருகாலத்தில் கொட்ட இடமின்றித் தவித்த தூள்.

இடமின்றித் தவித்ததற்கும் காரணம் உண்டு. அது லேசில் மக்காது. லிக்னினைத் தின்னும் நுண்ணுயிர்கள் சிலவே. நைட்ரஜனும் அதில் மிகக் குறைவு. கரி நூறு பங்குக்கும் மேல், நைட்ரஜன் ஒரு பங்கு. பச்சைத் தூளை வயலில் கொட்டினால், அதை மக்கவைக்க முயலும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனையும் சேர்த்துத் தின்றுவிட, பயிர் மஞ்சளடிக்கும். குவியல் மீது மழை பெய்தால் வடியும் நீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். டானின் முதலான சாயப் பொருட்களின் நிறம் அது. பக்கத்துக் கிணற்றில் இறங்கினால் சண்டைதான். ஏற்றுமதிக் கணக்கில் இந்தப் பழுப்பு நீருக்கு ஒரு வரி இல்லை. ஆனால் கழுவுகிற ஒவ்வொரு களமும் அதை எங்கோ விட்டுத்தானே ஆகவேண்டும்?

மக்கவைக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பிடித்த கூட்டாளி, நாம் வறுவல் செய்து தின்னும் சிப்பிக் காளான். ஒரு டன் தூளுக்கு ஐந்து கிலோ யூரியா, ஐந்து புட்டி காளான் வித்து. தூள், வித்து, தூள், யூரியா என்று அடுக்கி ஈரம் காத்தால், காளான் இழைகள் லிக்னினைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து தூளைக் கறுப்பு எருவாக்கிவிடும். தேனடையை உடைக்கும் சாவி காளானிடம் இருக்கிறது.

இத்தனையும் வெளிநாட்டு விவகாரம் என்று எண்ணவேண்டாம். மிளகாய், கத்தரி, தக்காளிக்கு இன்று நம் விவசாயிகள் வாங்கும் குழித்தட்டு நாற்று இந்தத் தூளில்தான் வளர்கிறது. ஒரு தட்டில் 98 குழி. தட்டுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ தூள். நாற்றைப் பிடுங்கினால் வேர் அறுபடாமல் தூளோடு முழுசாக வரும். அதற்கும் முன்பே, தென்னைக்குச் சுற்றிலும் பள்ளம் வெட்டி, கதம்பையைக் குழிவுப் பக்கம் மேலே பார்க்க அடுக்கிப் புதைக்கும் வழக்கம் தோப்புகளில் உண்டு. புதைத்த கதம்பை ஐந்தாறு ஆண்டு மழையைச் சேமித்துச் சேமித்துக் கொடுக்கும்.

ஆனால் நார்த்தூளில் முதன்முதலாகச் செடி வளர்த்தது விவசாயியும் அல்ல, டச்சுக்காரரும் அல்ல. வீட்டு மூலையில் மறந்துபோன தேங்காய் ஒன்று முளை விட்டிருந்தால் எடுத்துக் கதம்பையைப் பிளந்து பாருங்கள். மூன்று கண்ணில் ஒன்றிலிருந்து கிளம்பிய முளை மேலே போயிருக்கும். உள்ளே பருப்பை உறிஞ்சி உண்ணும் பஞ்சு உருண்டை. சாலையோரத்தில் தேங்காய்ப்பூ என்று விற்கிறார்களே, அதுதான். வேர்கள் மட்டும் இன்னும் மண்ணைத் தொட்டிருக்காது. கதம்பைக்குள்ளேயே, நாருக்கும் சோற்றுக்கும் நடுவே, ஈரத்தையும் காற்றையும் தேடி வெள்ளை வெளேரென்று ஓடிக்கொண்டிருக்கும். மிதப்பதற்கு வைத்திருந்த காற்றறைகள், கரை சேர்ந்ததும் மழைநீரைக் குடித்து நாற்றுத்தொட்டி ஆகிவிடுகின்றன. வேர் கதம்பையைத் துளைத்துத் தரை தொட மாதங்கள் ஆகும்.

அந்த நாற்றைக் கதம்பை கிழியாமல் குழியில் இறக்கும் பெரியவர், மண்ணைத் தள்ளுவதற்கு முன் ஒரு கை கல்லுப்பை அள்ளிப் போடுகிறார்.